திமிங்கல வேட்டைக் கேப்டனைப் பயணப் பதிவுகளில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் நான்டுக்கெட், நியூ பெட்ஃபோர்ட், எட்கர்டவுன் போன்ற ஊர்களிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி 1920-கள் வரை திமிங்கல வேட்டைக்குப் போன கப்பல்களின் கேப்டன்களைத் தேடுபவர்களுக்காக இந்தப் பக்கம். ஒரே பயணத்துக்கு இரண்டு தேதி, ஒரே கப்பலுக்கு இரண்டு கேப்டன், ஒரே பெயரில் மூன்று ஆட்கள் எனப் பதிவுகள் மோதிக்கொள்ளும் இடங்களில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மோதுகிற இரண்டு பதிவுகளும் சரியாகவே இருப்பதுதான் வழக்கம் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொன்றும் வேறொரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்திருக்கும். எந்த நிகழ்ச்சி, யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டால் சிக்கலில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

கீழே அடிக்கடி வரும் உதாரணம் நான்டுக்கெட்டின் ஜார்ஜ் பொல்லார்ட் (1791–1870). 1820-ல் ஸ்பெர்ம் திமிங்கலம் மோதி மூழ்கிய எஸ்ஸெக்ஸ் கப்பலுக்கும், 1823-ல் பவளத் திட்டில் மோதி உடைந்த டூ பிரதர்ஸ் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவர்.

கையில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகமும் நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல வேட்டை அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தும் அமெரிக்க ஆழ்கடல் வேட்டைப் பயணங்களின் தரவுத்தளத்தில் தொடங்குங்கள். இணையத்தில் இலவசம். 15,000-க்கு மேற்பட்ட பயணங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு கப்பலுக்கும், பயணத்துக்கும், கேப்டனுக்கும் தனித்தனி எண் உண்டு. அந்த எண்களை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் குழம்பும்போது கைகொடுப்பவை அவைதான்.

தரவுத்தளம் வேறு பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு அடியில் இருப்பவற்றில் முக்கியமானவை நான்கு. அலெக்ஸாண்டர் ஸ்டார்பக் 1870-களில் வெளியிட்ட பெரிய அட்டவணை, 1876 வரையிலான பயணங்களைத் தருகிறது. அதன் தொடர்ச்சியாக 1876 முதல் 1928 வரை ரெஜினால்ட் ஹெகார்ட்டி தொகுத்தது இரண்டாவது. மூன்றாவது, டென்னிஸ் வுட் என்பவர் 1831 முதல் 1873 வரை கையால் எழுதி வைத்த பயணச் சுருக்கங்கள். இவை நியூ பெட்ஃபோர்ட் பொது நூலகத்தில் உள்ளன. நான்காவது, 1843 முதல் 1914 வரை நியூ பெட்ஃபோர்டில் வெளிவந்த வேட்டைக் கப்பல் வார இதழ்.

நேரம் குறைவாக இருந்தால் டென்னிஸ் வுட்டுக்குத்தான் எங்கள் ஓட்டு. மற்றவர்கள் ஒரு பயணத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இவர் கப்பல் போன இடம், நடுக்கடலில் அதைப் பார்த்தவர்கள் சொன்ன செய்தி, கேப்டன் மாறிய விவரம் எல்லாவற்றையும் செய்தி வரவர எழுதிக்கொண்டே போயிருக்கிறார்.

ஒரே பயணத்துக்கு மூன்று புறப்பாட்டுத் தேதிகள் கிடைக்கின்றன. எது சரி?

மூன்றுமே சரியாக இருக்கலாம். சுங்க அலுவலகத்தில் அனுமதி வாங்கியது ஒரு நாள். துறையை விட்டு நகர்ந்தது இன்னொரு நாள். வெளித் துறையில் காற்றுக்குக் காத்திருந்து கடலுக்குள் இறங்கியது வேறொரு நாள். நாளிதழ்கள் பெரும்பாலும் முதலாவதை அச்சிட்டன. கப்பலின் அன்றாடப் பதிவேடான லாக் புத்தகம் மூன்றாவதைச் சொல்லும்.

நான்டுக்கெட்டில் இந்த இடைவெளி நீளும். துறைமுக வாயிலில் குறுக்கே மணல் திட்டு இருந்ததால், முழுச் சரக்கோடு பெரிய கப்பல்கள் அதைத் தாண்ட முடியாது. கப்பலை லேசாக வெளியே கொண்டுவந்து, மிச்சச் சாமான்களைச் சிறு படகுகளில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். அல்லது எட்கர்டவுனுக்குப் போய் அங்கே தயாராவார்கள். 1842-ல் கப்பலை இரு பக்கமும் தூக்கிச் செல்லும் மிதவைகள் வந்த பிறகுதான் கொஞ்சம் விடிவு. ஆகவே நான்டுக்கெட் கப்பல் எட்கர்டவுனிலிருந்து புறப்பட்டதாக ஒரு பதிவு சொன்னால், அதை வேறு கப்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தேதிகளைக் கூட்டி வகுத்து நடுவில் ஒன்றைப் போடுவது கூடவே கூடாது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அனுமதி, நகர்வு, கடல் இறக்கம் என்று பெயர் எழுதி மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசகர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அமெரிக்கப் பட்டியல்களில் மாதம் முன்னால் வரும். 8/12/1819 என்றால் ஆகஸ்ட் 12. எஸ்ஸெக்ஸ் புறப்பட்ட நாள் அதுதான். நம் வழக்கப்படி டிசம்பர் 8 என்று படித்துவிட்டால் நான்கு மாதம் பிசகும். மாதங்களைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்லும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நான்டுக்கெட்டில் அதிகம் என்பதால் ‘எட்டாம் மாதம் 12’ என்றும் எழுதியிருப்பார்கள். 1752-க்கு முந்தைய குவேக்கர் பதிவுகளில் முதல் மாதம் என்றால் மார்ச். அதன் பிறகு ஜனவரி.

அட்டவணையில் பெயர் இருக்கும் கேப்டன்தான் முழுப் பயணத்தையும் நடத்தினாரா?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் அட்டவணை வரி பொதுவாகப் புறப்பட்டபோது இருந்த கேப்டனைத்தான் சொல்கிறது. மூன்று நான்கு வருடப் பயணத்தில் கேப்டன் நோயில் விழுவார், அஸோர்ஸ் தீவிலோ ஹவாயிலோ இறக்கிவிடப்படுவார், இறந்துபோவார். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட் பொறுப்பேற்பார். சில சமயம் கப்பல் முகவர் வேறொருவரை அனுப்புவார்.

குளோப் கப்பலைப் பாருங்கள். கேப்டன் தாமஸ் வொர்த் தலைமையில் 1822 டிசம்பரில் புறப்பட்டு 1824 நவம்பரில் நான்டுக்கெட் திரும்பியது. ஆனால் வொர்த் 1824 ஜனவரியிலேயே கலகக்காரர்களால் கொல்லப்பட்டுவிட்டார். புறப்பாடு, வருகை என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பார்ப்பவர் அவரை இன்னும் பத்து மாதம் உயிரோடு வைத்திருப்பார். ஃபேர்ஹேவன் ஊரின் ஷாரோன் கப்பலும் இப்படித்தான். கேப்டன் ஹோவ்ஸ் நோரிஸ் 1842 நவம்பரில் கொல்லப்பட்டார். மூன்றாம் மேட் பெஞ்சமின் கிளஃப் கப்பலை மீட்டார். அதன் பின் கப்பலை நடத்தியது முதல் மேட் தாமஸ் ஸ்மித்.

சரிபார்க்க மூன்று இடங்கள் உண்டு. கப்பலின் சுங்கப் பதிவுச் சான்றிதழின் பின்பக்கத்தில் கேப்டன் மாற்றத்தை எழுதுவார்கள். அமெரிக்கத் துணைத் தூதர்கள் இருந்த லஹைனா, ஹொனலூலு, தால்காவானோ, பைத்தா, பே ஆஃப் ஐலண்ட்ஸ் போன்ற துறைகளின் ஆவணங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மூன்றாவது லாக் புத்தகம்: கையெழுத்து திடீரென மாறினால் அந்தப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். லாக் எழுதுவது பெரும்பாலும் முதல் மேட்டின் வேலை. அவர் கேப்டனாகிவிட்டால் லாக் இரண்டாம் மேட்டின் கைக்குப் போய்விடும்.

மேட்டாக இருந்த வருடங்கள் ஏன் எங்குமே வருவதில்லை?

பயண அட்டவணைகளில் கேப்டன் பெயருக்கு மட்டுமே இடம். பொல்லார்ட் எஸ்ஸெக்ஸின் கேப்டனானது 28 வயதில். அதற்கு முந்தைய கேப்டன் டேனியல் ரசல் அரோரா என்ற கப்பலுக்கு மாறியதால் அந்த இடம் இவருக்கு வந்தது. அதுவரை அதே எஸ்ஸெக்ஸில் ரசலுக்குக் கீழே மேட்டாக இருந்ததை அட்டவணையில் தேடினால் கிடைக்காது. எஸ்ஸெக்ஸின் முதல் மேட் ஓவன் சேஸும் அப்படியே. ஊர் திரும்பிய அதே 1821-ல் நியூ பெட்ஃபோர்டின் ஃபுளோரிடா கப்பலில் மேட்டாகப் போய்விட்டார். கேப்டன் பட்டியலை மட்டும் நம்பினால் அந்த இரண்டு வருடம் அவர் கரையில் சும்மா இருந்தது போலத் தெரியும்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப மாலுமிப் பட்டியல்களைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல் மாலுமிகளின் பெயர், பிறந்த ஊர், வசிக்கும் ஊர், எந்த நாட்டுக் குடிமகன், உடல் அடையாளம் ஆகியவற்றைச் சுங்கத்தில் தர வேண்டும் என்று 1803-ல் சட்டம் வந்தது. அத்தனை பேரையும் திரும்ப அழைத்து வருவதற்கோ, வராதவர்களுக்குக் கணக்குக் காட்டுவதற்கோ கேப்டன் 400 டாலருக்குப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் ஓடிப்போனவர்களைப் பற்றிக் கேப்டன்கள் அவ்வளவு கவனமாக வாக்குமூலம் கொடுத்தார்கள். ஹெர்மன் மெல்வில் 1842 ஜூலையில் நுக்கு ஹிவா தீவில் அக்குஷ்நெட் கப்பலை விட்டு ஓடியது, கேப்டன் வாலன்டைன் பீஸ் 1843 ஜூனில் லஹைனாவில் கொடுத்த வாக்குமூலத்தில் பதிவானது இப்படித்தான். கேப்டன் அன்றைக்கு எந்தத் துறையில் இருந்தார் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி அரிது.

ஒரு எச்சரிக்கை. மாலுமிப் பட்டியல் புறப்படும் முன் எழுதப்பட்டது. கடைசி நேரத்தில் வராமல் போனவர்கள் அதில் இருப்பார்கள். வழியில் சேர்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். எஸ்ஸெக்ஸில் 21 பேர் என்று ஓரிடத்திலும் 20 பேர் என்று ஓரிடத்திலும் வருவது இதைப் போன்றதே. ஹென்றி டிவிட் என்ற மாலுமி ஈக்வடாரின் அட்டகாமெஸில் ஓடிப்போனார். திமிங்கலம் மோதியபோது இருந்தவர்கள் 20 பேர்.

ஒரே பெயரில் பல கேப்டன்கள். ‘ஜூனியர்’ என்று போட்டிருந்தால் மகன்தானே?

மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். நம்மூரில் ஒரே தெருவில் இரண்டு சுப்பையா இருந்தால் பெரிய சுப்பையா, சின்ன சுப்பையா என்பதைப் போலத்தான் 19-ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் ஜூனியர், இரண்டாமவர், மூன்றாமவர் என்ற ஒட்டுகள். மூத்தவர் இறந்ததும் இளையவர் பெயரிலிருந்து ஒட்டு உதிர்ந்துவிடும். அதனால் 1830-ல் ‘ஜூனியர்’ ஆக இருந்தவரும் 1845-ல் ஒட்டில்லாமல் வருபவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இரண்டு தரவு எண்கள் ஒரே மனிதருக்கு இருப்பதும், ஒரே எண்ணுக்குள் இரண்டு மனிதர்கள் கலந்திருப்பதும் இதனால்தான்.

நான்டுக்கெட்டில் காஃபின், ஸ்டார்பக், ஃபோல்ஜர், மேசி, கார்ட்னர், ஹஸ்ஸி, ஸ்வைன் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பெயர் மட்டும் அங்கே எதையும் நிரூபிக்காது. நாங்கள் பயன்படுத்தும் சோதனை எளிது: ஒருவர் ஒரே நாளில் இரண்டு கடல்களில் இருக்க முடியாது. சந்தேகத்துக்குரிய இரண்டு பயணங்களையும் பக்கத்தில் வைத்து, ஒன்று முடிவதற்கு முன் மற்றது தொடங்கினால் இருவர் என்று பிரித்துவிடுங்கள். தேதிகள் மோதவில்லை என்பதால் மட்டும் ஒருவர் என்று சேர்த்துவிடாதீர்கள். மனைவி பெயர், கப்பல் முதலாளி, வசித்த ஊர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டாவது பொருந்த வேண்டும்.

ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்தால்?

டன் அளவு, கட்டிய ஊர், கட்டிய வருடம், பாய்மர அமைப்பு ஆகிய நான்கையும் கொண்டு பிரியுங்கள். பொல்லார்டின் எஸ்ஸெக்ஸ் 1799-ல் மாசசூசெட்ஸின் ஏம்ஸ்பரியில் கட்டிய 238 டன் கப்பல். அதே 1799-ல் அதே மாநிலத்தின் சேலத்தில் கட்டிய எஸ்ஸெக்ஸ் என்ற போர்க்கப்பலும் பசிபிக் கடலுக்குப் போயிருக்கிறது. தேடுபொறி இரண்டையும் கலந்துதான் கொட்டும்.

டன் அளவில் ஒரு பொறி இருக்கிறது. 1864-ல் அமெரிக்கா கப்பல் அளக்கும் முறையை மாற்றியது. சார்ல்ஸ் டபிள்யூ மார்கன் பழைய அளவில் 351 டன், புதிய அளவில் 314 டன். கப்பல் சுருங்கவில்லை. அதே கப்பல் முதலில் மூன்று பாய்மரங்களிலும் குறுக்குப் பாய் கட்டிய ‘ஷிப்’. பின்னால் கடைசிப் பாய்மரத்தை மாற்றி ‘பார்க்’ ஆனது. 1886-ல் அதன் தாய்த்துறை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியது. டன், பாய்மர அமைப்பு, தாய்த்துறை என்று அட்டவணையின் பல கட்டங்கள் மாறினாலும் அது ஒரே கப்பல்தான். 1867-க்குப் பிறகு என்றால் வேலை சுலபம்: அந்த ஆண்டிலிருந்து அமெரிக்கக் கப்பல்களுக்கு அரசு எண் கொடுக்கத் தொடங்கினார்கள்; துறை மாறினாலும் எண் மாறாது.

லாக் புத்தகத் தேதி, கடிதத் தேதியிலிருந்து ஒரு நாள் தள்ளி இருக்கிறது. எழுத்துப் பிழையா?

பெரும்பாலும் கடல்நாள் கணக்குதான் காரணம். பழைய வழக்கப்படி கடலில் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் கரை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாக. கரையில் ஜனவரி 25 நண்பகல் என்றால் கப்பலில் ஜனவரி 26 பிறந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை 1805-லும் அமெரிக்கக் கடற்படை 1848-லும் இதைக் கைவிட்டன. வேட்டைக் கப்பல்கள் அதற்குப் பிறகும் விடவில்லை.

லாக் வரிகள் ஒவ்வொரு நாளையும் எட்டு மணி நேரமாக மூன்றாகப் பிரிக்கும். முதற்பகுதி நண்பகல் முதல் இரவு 8 வரை: இதற்குக் கரைத் தேதி வேண்டுமானால் ஒரு நாள் கழியுங்கள். நடுப்பகுதி இரவு 8 முதல் விடிகாலை 4 வரை: நள்ளிரவுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். கடைப்பகுதி விடிகாலை 4 முதல் நண்பகல் வரை: தேதி அப்படியே நிற்கும். குளோப் கலகம் 25-ஆம் தேதி என்று சில பதிவுகளிலும் 26 என்று சில பதிவுகளிலும் இருப்பதை இந்தக் கணக்கோடு படியுங்கள். அது அந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட இரவில் நடந்தது. கடல்நாளில் முழு இரவும் 26-தான்.

துறையில் நிற்கும்போது கப்பல்கள் கரை நாளுக்கு மாறிக்கொள்ளும். புறப்படும்போது ‘இந்த நாளுக்கு 12 மணி நேரம்’ என்றும், துறை சேரும்போது ‘இந்த நாளுக்கு 36 மணி நேரம்’ என்றும் லாக்கில் எழுதியிருக்கும். அந்த வரியைப் பார்த்தால் கப்பல் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பது உறுதி. அந்த வரி இல்லாமல் தேதியை மாற்றாதீர்கள்.

பசிபிக்கில் இன்னொரு ஒரு நாள் வித்தியாசமும் உண்டு. தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் வழியாக வந்த அமெரிக்கர்கள் ஒரு தேதியையும், கிழக்கு வழியாக வந்த லண்டன் மிஷனரிகள் அதற்கு அடுத்த தேதியையும் வைத்திருந்தார்கள். டஹிட்டியில் மிஷனரிக் கணக்கு 1846 வரை நீடித்தது. அந்தப் பகுதி மிஷனரி நாட்குறிப்பையும் கப்பல் லாக்கையும் ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

லாக்கில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை எவ்வளவு நம்பலாம்?

அட்சரேகையை நம்பலாம். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தால் அது கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்குத் துல்லியமான கடிகாரமோ நிலவுக் கணக்கோ வேண்டும். 1820 வாக்கில் பல வேட்டைக் கப்பல்களில் இரண்டும் இல்லை. வேகத்தையும் திசையையும் வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு, நாள் போகப்போக விலகும்.

எஸ்ஸெக்ஸ் மூழ்கிய பின் மாலுமிகள் ஏறிய சிறு படகுகள் ஒதுங்கிய தீவு இதற்குத் தெளிவான சான்று. மாலுமிகள் அதை டியூசி என்று நினைத்தார்கள். கடல்வழிக் கையேட்டில் டியூசியின் இடம் தெற்கு 24°40', மேற்கு 124°40'. அவர்கள் உண்மையில் இறங்கியது ஹெண்டர்சன் தீவில்: தெற்கு 24°22', மேற்கு 128°19'. அட்சரேகை கால் பாகை சொச்சம்தான் பிசகியது. தீர்க்கரேகையில் மூன்றரைப் பாகைக்கு மேல், கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர். தீவிலேயே தங்கிவிட்ட மூவரைத் தேடிப் போன சர்ரி கப்பலின் கேப்டன் தாமஸ் ரெய்ன் முதலில் டியூசிக்குப் போய், அங்கே யாரும் இல்லை என்று கண்டு, பிறகு ஹெண்டர்சனுக்கு வந்துதான் 1821 ஏப்ரலில் அவர்களை மீட்டார். பழைய பதிவுகளில் டியூசி என்று இருந்தால் அது பொய்யில்லை. அவர்கள் நம்பியது அது. உங்கள் குறிப்பில் பதிவில் உள்ள பெயரையும் உண்மையான இடத்தையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள்.

நாளிதழில் ‘10-ஆம் தேதி, அல்ட்’ என்று வருகிறது. எந்த மாதம்?

‘அல்ட்’ என்றால் முந்தைய மாதம். ‘இன்ஸ்ட்’ என்றால் நடப்பு மாதம். ஆனால் எந்த இதழின் நடப்பு மாதம் என்பதில்தான் சறுக்குவார்கள். வால்பரைசோவிலிருந்து வந்த கடிதத்தை ஒரு பாஸ்டன் இதழ் அச்சிடும். அதை நான்டுக்கெட் இதழ் அப்படியே எடுத்துப் போடும். கடிதத்தில் உள்ள ‘அல்ட்’ கடிதம் எழுதிய மாதத்துக்கு முந்தையது. அச்சான மாதத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. பசிபிக்கிலிருந்து செய்தி வரப் பல மாதம் ஆன காலம் என்பதால் இங்கே தவறினால் அரை வருடம் கூடத் தள்ளிப்போகும். செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற வரியைப் பின்தொடர்ந்து முதல் அச்சுக்குப் போய்விடுங்கள்.

எண்ணெய் அளவுகள் ஏன் பொருந்துவதில்லை?

நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்குச் சொன்னது கேப்டனின் மதிப்பீடு. துறைக்கு வந்ததும் நாளிதழ் போட்டதும் மதிப்பீடே. கரையில் அளந்தது மட்டும்தான் அளவு. கசிவு போக அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். வழியில் ஹவாயிலோ அஸோர்ஸிலோ வேறு கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிய எண்ணெய், கப்பல் திரும்பியபோது எடுத்த கணக்கில் வராது. ஸ்டார்பக் அட்டவணையின் குறிப்புக் கட்டத்தில் அது தனியாக இருக்கும். ஒரு எண் மற்றொன்றைப் போல முப்பது மடங்கு இருந்தால் பதற வேண்டாம்: ஒன்று பீப்பாய், மற்றது காலன். ஒரு பீப்பாய்க்கு 31½ காலன்.

திரும்பிய தேதியே இல்லாத பயணத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

கப்பல் மூழ்கியிருக்கும், வெளிநாட்டுத் துறையில் கடலுக்குத் தகுதியற்றது என்று தீர்க்கப்பட்டிருக்கும், விற்கப்பட்டிருக்கும், அல்லது தொகுப்பு முடிந்த ஆண்டில் இன்னும் கடலில் இருந்திருக்கும். கப்பலின் முடிவைக் கேப்டனின் முடிவாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. 1871 செப்டம்பரில் ஆர்க்டிக் பனியில் 33 கப்பல்கள் கைவிடப்பட்டன. 1,200-க்கு மேற்பட்டவர்கள் அனைவரும் உயிரோடு திரும்பினார்கள். அதிலும் 12-ஆம் தேதி, 14-ஆம் தேதி என்று இரண்டு வரும். கப்பல்களைக் கைவிடும் முடிவில் கேப்டன்கள் கூடிக் கையெழுத்திட்டது 12; கப்பல்களை விட்டுப் படகில் இறங்கியது 14.

கேப்டன் ஊரில் இருந்தாரா, கடலில் இருந்தாரா என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமா?

அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 1850-ல் நடந்தது. கடலில் இருப்பவரையும் அவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில் சேர்க்கச் சொன்னார்கள். கேப்டன் ஜப்பான் கடலில் இருக்க, நான்டுக்கெட் வீட்டில் அவர் பெயர் இருக்கும். பத்திரக் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து, திருமணப் பதிவு ஆகியவைதான் ஆள் நேரில் இருந்ததற்குச் சாட்சி. பொல்லார்டின் திருமணம் 1819 ஜூனில். எஸ்ஸெக்ஸ் புறப்பட்டது ஆகஸ்டில். இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

குழந்தைகளின் பிறந்த தேதியும் உதவும், கவனத்தோடு. மனைவியைக் கூட்டிப்போன கேப்டன்கள் உண்டு. ஸ்டோனிங்டனின் டைகர் கப்பலில் மேரி புரூஸ்டர் 1845-ல் கணவரோடு போனார். அப்படிப்பட்ட குடும்பங்களில் ஹவாயில் பிறந்த குழந்தைகளும் இருக்கும்.

இத்தனையையும் ஒரே தாளில் எப்படி அடுக்குவது?

பயணத்துக்கு ஒரு வரி என்று எழுதாதீர்கள். ஆள் கண்ணில் பட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், கப்பல், அதில் அவர் யார், சொன்னது யார், எப்போது எழுதியது என்ற ஆறு கட்டங்கள். பொல்லார்டுக்கு முதல் நான்கு கட்டங்கள் இப்படி வரும்:

1819 ஆகஸ்ட் 12, நான்டுக்கெட், எஸ்ஸெக்ஸ், கேப்டன்.
1820 நவம்பர் 20, நடுப்பசிபிக், தெற்கு 0°40' மேற்கு 119°, எஸ்ஸெக்ஸ் மூழ்கல், கேப்டன்.
1821 பிப்ரவரி 23, சிலியின் சாண்டா மரியா தீவுக்கு அருகே, டாஃபின், மீட்கப்பட்டவர்.
1821 ஆகஸ்ட் 5, நான்டுக்கெட், டூ பிரதர்ஸ், பயணி.
1821 நவம்பர், நான்டுக்கெட், டூ பிரதர்ஸ், கேப்டன்.
1823 பிப்ரவரி 11, ஃபிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸ், டூ பிரதர்ஸ் உடைதல், கேப்டன்.
1870 ஜனவரி 7, இறப்பு.

நான்காவது, ஐந்தாவது வரிகளைக் கவனியுங்கள். ஒரே கப்பல், மூன்று மாத இடைவெளி. ஆகஸ்டில் டூ பிரதர்ஸின் கேப்டன் ஜார்ஜ் வொர்த். பொல்லார்ட் அதில் ஊர் திரும்பிய பயணி. ‘அவர் யார்’ என்ற கட்டம் இல்லாத தாளில் இந்த இரண்டு வரிகளும் ஒன்றாகக் கலந்து, பொல்லார்ட் கேப்டனாக இல்லாத ஒரு பயணத்தை அவர் கணக்கில் சேர்த்துவிடும். எஸ்ஸெக்ஸில் தப்பிய மற்றவர்களை வைத்தும் இவர் வந்த தேதியை ஊகிக்க முடியாது. சேஸும் இன்னும் மூவரும் ஈகிள் கப்பலில் ஜூன் 11-லேயே வந்துவிட்டார்கள்.

உடன் இருந்தவர்கள் எழுதியதே மோதினால் யாரை நம்புவது?

அந்த நேரத்தில் அந்தப் படகில் இருந்தவரை. சேஸின் விவரிப்பு 1821-லேயே அச்சானது. நினைவு பசுமையாக இருந்தபோது எழுதியது என்பதால் மதிப்பு அதிகம். ஆனால் 1821 ஜனவரி 12 வாக்கில் அவர் படகு பொல்லார்டின் படகிலிருந்து பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பொல்லார்ட் படகில் நடந்தவற்றுக்குச் சேஸ் நேர்சாட்சி ஆக மாட்டார். கேபின் பையனாக இருந்த தாமஸ் நிக்கர்சன் 1876-ல் எழுதி, 1984-ல் அச்சான நினைவுக் குறிப்புக்கும் இதே வரம்பு உண்டு. அவரும் சேஸின் படகில்தான் இருந்தார். பொல்லார்ட் படகில் உயிர் பிழைத்தவர்கள் பொல்லார்டும் சார்ல்ஸ் ராம்ஸ்டெல்லும் மட்டுமே. பொல்லார்ட் 1823-ல் ராயட்டேயா தீவில் மிஷனரிகளிடம் சொன்னது 1831-ல் அச்சில் வந்தது. அது இன்னொருவர் கேட்டு எழுதியது என்றாலும், அந்தப் படகைப் பொறுத்தவரை சேஸைவிட அதற்கே முதலிடம்.

டூ பிரதர்ஸ் விஷயத்தில் நிலைமை வேறு. நிக்கர்சன் அதிலும் இருந்தார். அங்கே அவர் நேர்சாட்சி. 2008-ல் ஃபிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸில் கண்டெடுத்த நங்கூரம், எண்ணெய் காய்ச்சும் கொப்பரை, ஈட்டி முனைகளை ஆராய்ந்து, அது டூ பிரதர்ஸ்தான் என்று 2011-ல் அறிவித்தார்கள். எழுத்துச் சாட்சியைக் கடலடிப் பொருட்கள் உறுதிசெய்வது அபூர்வம்.

எவ்வளவு தேடியும் தீராத மோதலை எப்படி எழுதுவது?

இரண்டையும், யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். ‘சுங்கப் பதிவில் 3-ஆம் தேதி, முதல் மேட்டின் லாக்கில் 5-ஆம் தேதி, லாக்கின் நாள் கணக்கு உறுதியாகவில்லை’ என்ற ஒரு வரி போதும். பின்னால் வருபவருக்கு எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும். குடும்ப மரத் தளங்களில் ஏற்றும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தேதிக்கு ஒரே கட்டம்தான் இருக்கும். ஒன்றைத் தேர்ந்து போட்டால் அடுத்த வாரமே இருபது பேர் அதை நகலெடுத்திருப்பார்கள். பிறகு இருபது சாட்சிகள் இருப்பது போலத் தோன்றும். அந்தக் கட்டத்தில் ஆண்டை மட்டும் போட்டு, மீதியைக் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள்.